ஆறாத புண்ணும் எழுதாத சரிதையும்

தன் கதையைத் தானே எழுதுவது தமிழர்களுக்கு நெடுங்காலம் கூச்சமளித்த காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. எவ்வளவு பெரிய நூலை இயற்றியவனாயினும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று நன்னூலார் விதித்தார். அவ்விதிக்குச் சில விலக்குகளையும் கூறி வைத்தார். நாமோ விலக்குகளை மறந்துவிட்டு விதியை மாத்திரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இதன் பயனாக, நம் புலவர்களிலும் பெரியோர்களிலும் பலர் எந்த வருஷத்தில் பிறந்தார்கள், எந்த ஊரில் வளர்ந்தார்கள் என்பதைக்கூட ஊகத்தினால் தேட வேண்டியவர்களாயினோம்.

சென்ற நூற்றாண்டில் இந்தக் கூச்சம் ஒருவாறு நீங்கிற்று. காந்தியடிகள் 1925 முதல் ‘நவஜீவன்’ பத்திரிகையில் தமது சத்திய சோதனையை வாரந்தோறும் எழுதினார். வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் வாழ்வைச் செய்யுளாகவே பாடி வைத்தார். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1940-ம் வருஷம் ‘ஆனந்த விகடனில்’ தமது சரித்திரத்தை எழுதத் தொடங்கி, அது முற்றுப்பெறு முன்னரே காலமானார். திரு. வி. க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் 1944-ல் வெளிவந்தன. இந்நூல்களைப் படியாத தேசபக்தர் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார். அவற்றினால் தமிழ் உரைநடை வளம்பெற்றது. வாலிபர்கள் வழி கண்டார்கள்.

ஆனால் இவை யாவும் சாதித்தவர்கள் எழுதிய சரிதைகள். சாதித்தவர் எழுதினால் உலகம் ஆவலோடு படிக்கும். பட்டவர்கள் எழுதும் சரிதை என்று மற்றொரு வகை உண்டு. ஒன்றையும் சாதிக்காதவர்கள், பிறர் செய்த கொடுமைக்கு உடம்பையும் மனத்தையும் கொடுத்தவர்கள், பிழைத்ததே பெரிதென்று வீடு திரும்பியவர்கள் தங்கள் கதையை எழுதுவது இவ்வகை. அவ்வெழுத்து எழுதியவனுடைய புண்ணை ஆற்றுகிறது என்றும், அவன் பிறந்த சமூகத்தின் புண்ணையும் ஆற்ற வல்லது என்றும் நாம் கருதுகிறோம். அந்த மருந்தை ஒரு பெரிய விஷயத்தில் தமிழர்களாகிய நாம் உட்கொள்ளத் தவறிவிட்டோம் என்பதையும், அத்தவறில் இதை எழுதும் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மரண ரயில்

1942-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்த அவர்களுடைய சேனைகளுக்குத் தளவாடம் அனுப்பக் கடல் மார்க்கம் ஆபத்தாயிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்து வந்தன. ஆகவே, சயாம் என்று நம்மவர் வழங்கிய தாய்லாந்திலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசயாட் வரையில் 415 கிலோமீட்டர் தூரத்துக்கு மலையையும் காட்டையும் பிளந்து ஒரு ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1942 ஜூன் மாதத்தில் ஆரம்பித்த வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. பல வருஷங்கள் பிடிக்கவேண்டிய வேலையைப் பதினாறு மாதங்களில் முடித்தார்களென்றால், எத்தனை உயிரை விலையாகக் கொடுத்து முடித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளிகளோ ஏறத்தாழ 2,00,000 பேர். பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் ஆகியோருடன் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் இருந்தார்கள். மலேயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல கூலி உண்டு என்று ஆசை காட்டி அழைத்தார்கள். ஆள் குறைந்தபோது பிடித்துக்கொண்டே போனார்கள். மழைக் காலத்தில் காலரா வந்தது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த டாக்டர்கள் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்க வைக்கும் கட்டுப்பாடு இருந்தது. கூலிகளின் முகாம்களில் வைத்தியருமில்லை, கட்டுப்பாடுமில்லை, கேட்பாருமில்லை. அத்தொழிலாளிகளில் இறந்தோர் தொகை 80,000-க்குக் குறையாது என்று பலரும் மதிப்பிடுகிறார்கள். மதிப்புத்தான் உண்டு, பெயர்ப் பட்டியல் கிடையாது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு கைதியும் ஒரு துபாஷியும்

அந்தக் கைதிகளில் எரிக் லோமாக்ஸ் என்பவர் ஒருவர். ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் 1919-ல் பிறந்தவர். சிறு வயது முதல் ரயில் என்றால் உயிர். சேனையில் செய்திப் பிரிவில் அதிகாரியாயிருந்து சிங்கப்பூரில் பிடிபட்டார். காஞ்சனபுரி முகாமில் கைதிகள் சிலர் இரகசியமாக ஒரு ரேடியோ செய்து யுத்தச் செய்திகளைக் கேட்டு வந்தனர். 1943-ம் வருஷம் ஆகஸ்டில் அது அகப்பட்டது. மண்வெட்டும் ஆயுதங்களின் காம்புகளால் அவர்களை அடித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அடிபட்டே இறந்தனர். லோமாக்ஸின் கைகள் முறிந்தன. பிறகு அவர் வரைந்து வைத்திருந்த ஒரு தேசப்படம் கிடைக்கவே, அவரை இராணுவப் போலீஸிடம் ஒப்புவித்தார்கள். நாட்கணக்காக விசாரணை நடந்தது. மூக்கிலும் வாயிலும் குழாயினால் நீரைப் பாய்ச்சி மூச்சுத் திணற வைத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே அவர் காதில் ஓயாமல் விழுந்தது ஒரு குரல்: கேள்விகளை இங்கிலீஷில் திருப்பிச் சொன்ன ஜப்பானியத் துபாஷியின் குரல்.

யுத்தம் முடிந்து லோமாக்ஸ் வீடு சேர்ந்தார், உத்தியோகம் பார்த்தார், சர்வகலாசாலையில் போதித்தார். வெளிப்பார்வைக்கு அவருக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் இரவுதோறும் கனவில் காஞ்சனபுரி வரும். மனைவியிடத்திலும் வாய் திறக்க மாட்டார். சிறு கேள்வி கேட்டாலும் விசாரணை என்று எண்ணி முகத்தை மூடிக்கொள்வார். இப்படி ஏறத்தாழ நாற்பது வருஷம் கழிந்தது. வயது முதிர்ந்த பின்னரே, லண்டனில் சித்திரவதைக்குள்ளானவர்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு ஸ்தாபனத்தை நாடினார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் மருந்து, தாம் பேசுவதை அவசரமின்றிக் கேட்பதற்கு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்ததுதான்.

இனி, அந்தத் துபாஷியைப் பார்ப்போம். அவர் பெயர் நாகஸே தாகாஷி. யுத்தம் முடிந்தவுடன், இறந்த கைதிகளின் சமாதிகளைத் தேடிச் சென்ற நேச நாட்டாரின் குழுவுக்குத் துபாஷியாக அவரும் ரயில் பாதை நெடுகச் சென்றார். தாம் உடந்தையாயிருந்த காரியத்தின் முழு அளவையும் அப்பொழுதுதான் கண்ணால் கண்டார். அதன் பின் அவருக்கும் தூக்கமில்லை. பல முறை தாய்லாந்துக்குச் சென்றார். சமாதிகளுக்கு மலர்வளையம் வைத்தார். ஆற்றுப் பாலத்தருகே ஒரு பௌத்த ஆலயம் கட்டினார். கடைசியில், தாம் செய்ததையும் கண்டதையும் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதில், இராணுவப் போலீஸார் ஒரு கைதியை நீர் பாய்ச்சி வதைத்ததையும், அவனுடைய அலறல் தம்மை விட்டு நீங்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

1989-ல் நண்பர் ஒருவர் கொடுத்த பத்திரிகைத் துண்டொன்றில் லோமாக்ஸ் அந்தத் துபாஷியின் படத்தைப் பார்த்தார். பிறகு அச்சிறு புத்தகத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்தார். அதில் வரும் பெயரில்லாத கைதி தாமே என்பதைக் கண்டார்! சமாதியில் மலர் வைத்தபோது தாம் மன்னிக்கப்பட்டுவிட்டதாக உணர்ந்தேன் என்று நாகஸே எழுதியிருந்தது அவருக்குக் கோபத்தை மூட்டிற்று. மன்னிக்க வேண்டியவன் உயிரோடிருக்கும்போது, அவனைக் கேளாமல் மன்னிப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை லோமாக்ஸின் மனைவியார் நாகஸேக்குக் கடிதமாக எழுதினார். பதில் வந்தது. அதில் வாதமில்லை, சமாதானமில்லை; உள்ளத்தைப் பிளக்கும் வருத்தமே இருந்தது.

1993-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், காஞ்சனபுரியில், அதே பாலத்தருகே, இரு கிழவர்களும் சந்தித்தார்கள். நாகஸே தலை வணங்கி உடல் நடுங்கி நின்றார். அவரைக் கொன்றுவிட வேண்டுமென்று எத்தனையோ இரவுகள் எண்ணியிருந்த லோமாக்ஸ் அவருக்கு ஆறுதல் சொன்னார். பின்னர் ஜப்பானுக்குச் சென்று, நடந்ததை மறக்க இயலாதாயினும் மன்னிக்கிறேன் என்ற கருத்துள்ள கடிதம் ஒன்றைத் தம் கையால் கொடுத்தார். இவையெல்லாவற்றையும் அவர் எழுதிய சரிதை 1995-ல் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. பிற்காலத்தில் சினிமாப்படமாகவும் வந்தது. நாகஸே 2011-லும், லோமாக்ஸ் 2012-லும் காலமானார்கள். இறக்கும்போது அவர்கள் நண்பர்கள்.

எழுத்து எங்ஙனம் மருந்தாகிறது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? கொடுமைக்குள்ளானவன் மனத்தில் அக்கொடுமை ஒரு கதையாக இருப்பதில்லை. முன்பின் இல்லாத துண்டுகளாக, ஒரு குரலாக, ஒரு நாற்றமாக, நள்ளிரவில் தோன்றும் ஓர் உருவமாக இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தவன், முதலில் நடந்தது எது, பின்னர் நடந்தது எது என்று வரிசைப்படுத்த வேண்டியவனாகிறான். வரிசைப்பட்டது முடிவு பெறுகிறது. நேற்று நடந்தது நேற்றோடு நிற்க வேண்டுமானால், அது நேற்று நடந்தது என்று எழுதியாக வேண்டும்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், பென்னிபேக்கர் என்ற மனோதத்துவ ஆசிரியர் 1986-ல் தம் சகாவுடன் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார். மாணவர்களில் ஒரு பகுதியாரை, தங்கள் வாழ்க்கையில் மிகவும் துன்பம் தந்த சம்பவத்தைப் பற்றி நான்கு நாட்கள், தினம் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார். மற்றொரு பகுதியாரைச் சாதாரண விஷயங்களை எழுதச் சொன்னார். துன்பத்தை எழுதியவர்களுக்கு எழுதிய அன்று மனச்சோர்வு அதிகரித்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நடந்ததையும் நடந்தபோது தங்கள் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் குறைவாகவே வைத்தியரிடம் சென்றார்கள். புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும் என்பதை நம் கிராமத்துப் பாட்டிமார் அறிவார்கள்.

எனினும், எழுத்து ஒரு சர்வரோக நிவாரணி என்று நாம் கூற வரவில்லை. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்திச் சொல்ல வைப்பது இரண்டாவது விசாரணையாகிவிடும். எல்லாரும் மன்னித்தே தீரவேண்டும் என்று விதிப்பதற்கும் நமக்கு உரிமையில்லை. லோமாக்ஸ் மன்னித்தது அவருடைய பெருமை. மன்னியாமலே இறந்த கைதிகள் பலர். அவர்களை யார் குறைகூற முடியும்? மேலும், எழுதியது பெட்டியில் கிடந்தால் அரை மருந்துதான். நாகஸேயின் புத்தகம் லோமாக்ஸின் கைக்கு வந்த பிறகுதான் இருவர் புண்ணும் ஆறத் தொடங்கிற்று. யார் கேட்க வேண்டுமோ அவர் காதில் விழும்போதுதான் சொல் முழுப்பயன் தருகிறது.

நாம் வக்கீல் தொழில் பார்த்தவராதலால் ஒரு வேற்றுமையைக் குறிப்பிட ஆசைப்படுகிறோம். கோர்ட்டில் சாட்சி சொல்பவன் கேட்ட கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்ல வேண்டும். கேளாததைச் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஆக்ஷேபிப்பார். ஆகவே அவன் வாக்குமூலம் வழக்குக்குப் பயன்படும், அவனுக்குப் பயன்படாது. நினைவுரையோ இதற்கு மாறானது. அதில் கேள்வியும் அவனுடையதே, பதிலும் அவனுடையதே. சட்டத்துக்குத் தேவையற்ற எதுவோ அதுவே அங்கே சாரமாயிருக்கும்.

சமூகத்தின் புண்

ஒரு மனிதனுக்கு உண்மையானது ஒரு சமூகத்துக்கும் உண்மையே. கைதிகள் முகாமில் இருக்கும்போதே எழுதினார்கள். அகப்பட்டால் தண்டனை என்று தெரிந்தும் இரகசியமாக டயரி வைத்தார்கள். இறந்தவன் பெயர், தேதி, புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து ஒளித்து வைத்தார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் எட்வர்டு டன்லப் அங்ஙனம் எழுதிய டயரி 1986-ல் புத்தகமாயிற்று. அவர்களுடைய நினைவுரைகளை இன்று ஒரு பெரிய அலமாரியில் அடுக்கினாலும் இடம் போதாது. அப்புத்தகங்களைப் படித்த மக்களும் பேரர்களும் காஞ்சனபுரிக்கு யாத்திரை போகிறார்கள். அங்கே ஒரு சமாதித் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் பெயர் உண்டு. மலையைக் குடைந்த கணவாயில் ஆஸ்திரேலியர் ஒரு காட்சிசாலை வைத்து, வருஷந்தோறும் ஏப்ரல் 25-ந் தேதி விடியற்காலையில் கூடி அஞ்சலி செய்கிறார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு ஓர் இடமும், ஒரு நாளும், ஒரு பெயரும் கிடைத்துவிட்டன.

நம்மவர்களுக்கு என்ன கிடைத்தது? கூலிகளில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் மறுபடியும் அதே தோட்டத்து லயத்துக்குச் சென்று, விடிவதற்குள் எழுந்து பால் வெட்டப் போய்விட்டார்கள். கங்காணியும் கேட்கவில்லை, கிராணியும் கேட்கவில்லை, துரையும் கேட்கவில்லை. மலேயாவில் சில தமிழ் எழுத்தாளர்கள் பின்னாளில் அக்கொடுமையை நாவலாக எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் நாவலில் வருபவனுக்கு ஆசிரியர் பெயரிடுகிறார். மண்ணுக்குள் கிடப்பவனுக்கு அவன் தகப்பன் இட்ட பெயர் ஒன்று இருந்ததே, அது எங்கே?

இவ்விடத்தில் தேசிய இயக்கத்தின் வழிவந்தவர்களாகிய நமக்கு உறுத்தும் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறோம். அதே மலேயாவில், அதே ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, பல்லாயிரம் தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களுடைய நினைவுகளை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் அடுத்த லயத்திலிருந்து சயாமுக்குச் சென்றவனைப் பற்றி மேடையில் பேசுவதில்லை. அன்று நேதாஜிக்கு உதவியவர்கள் ஜப்பானியர். இவனைக் கொன்றவர்களும் ஜப்பானியர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூசியே ஒன்றை விழுங்கிவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது. பெருமைக்குரியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சமூகம் தன் பெருமையையும் முழுமையாக அறியாது. சயாமில் செத்தவனைச் சொல்வதனால் நேதாஜியின் வீரம் ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

எழுதினால் என்ன நேரும் என்பதற்கு நம்மிடத்திலேயே அத்தாட்சிகள் உண்டு. 1942-ல் பர்மாவிலிருந்து நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மலைகளைக் கடந்து நடந்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான வெ. சாமிநாத சர்மா அந்த வழிநடைப் பயணத்தை எழுதி வைத்தார். அந்த ஒரு புத்தகத்தினால், பெயர் தெரியாத பல்லாயிரவரின் நடைக்கு ஒரு சாட்சி ஏற்பட்டது. 1992-ல் பாமா என்ற பெண்மணி ‘கருக்கு’ என்னும் நூலை எழுதினார். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, திக்கற்ற நிலையில், தம் மனத்தை ஆற்றிக்கொள்ள எழுதிய நூல் அது. ஆனால் அது தாழ்த்தப்பட்ட மக்கள் அனைவருடைய புண்ணையும் பேசியது; தங்கள் கதையையும் எழுதலாம் என்ற தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது.

ஒரே ஒரு வரி

இனி, நமது பங்கைச் சொல்ல வேண்டும்.

நாம் வக்கீல் தொழிலில் புகுந்த புதிதில், இற்றைக்குச் சுமார் இருபது வருஷங்களுக்கு முன், தஞ்சைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து எழுபது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி நம்மிடம் வந்தார். பங்காளிகளுடன் நில வழக்கு. அவர் தகப்பனார் பங்கு அவருக்கு வரவேண்டும். தகப்பனார் மலேயாத் தோட்டத்திலிருந்து சயாமுக்குச் சென்றவர், திரும்பவில்லை. யுத்தம் முடிந்து, தாயும் மகளும் கப்பலேறி நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். ஏழு வருஷம் ஒருவனைப் பற்றி, அவனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு யாதொரு தகவலுமில்லையென்றால் அவன் இறந்தவனாகக் கருதப்படலாம் என்பது அப்பொழுது அமலிலிருந்த 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு. நமக்கு அது போதுமானதாயிருந்தது.

அம்மூதாட்டிக்குப் போதவில்லை. “லாரியில ஏறும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னாரு, வக்கீல் தம்பி” என்று ஆரம்பித்தார். வெளியே நாலைந்து கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். “அதெல்லாம் கேசுக்கு வேண்டாம் அம்மா; எந்த வருஷம் போனார், அதைச் சொல்லுங்கள்” என்றோம். அவர் சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்தார். “நாப்பத்து மூணு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு அவருக்கு அனுகூலமாகவே முடிந்தது. தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு நம்மைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சென்ற வருஷம் அவருடைய பேரன் நம்மைத் தேடி வந்தார். மூதாட்டி இறந்து சில வருஷங்களாகிவிட்டனவாம். மலேசியாவில் அக்காலத்துச் செய்திகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். “பாட்டி எங்களிடம் ஒன்றுமே சொன்னதில்லை. வக்கீலிடம் எல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து வந்தேன், ஐயா” என்றார்.

பழைய கட்டை எடுத்துப் பார்த்தோம். பிராதின் மூன்றாம் பாராவில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘வாதியின் தகப்பனார் சுமார் 1943-ம் வருஷத்தில் சயாம் தேசத்தில் காலமானதாகக் கருதப்படுகிறார்.’ லாரியில் ஏறும்போது அவர் தம் மகளிடம் என்ன சொன்னார்? அறுபது வருஷம் அந்த அம்மாள் அதை மனத்தில் வைத்திருந்து, ஒரு நாள் சொல்ல வாய் திறந்தபோது, நாம் மூடிவிட்டோம். அந்த வாலிபரிடம் நாம் என்ன பதில் சொன்னோம் என்பதை எழுத வெட்கமாயிருக்கிறது. இந்தக் கட்டுரையே அவருக்கு நாம் செலுத்தும் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது

சயாமை நேரில் கண்டவர்கள் அனேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். அவர்கள் வாயால் கேட்ட மக்களும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே காலம் கடத்துவதற்கில்லை. தஞ்சை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் ஆகிய பழைய ஜில்லாக்களின் கிராமங்களில், மலேயாவுக்கு ஆள் போகாத ஊர் எது? பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்த் திரும்பிய குடும்பங்களும் எத்தனையோ. சயாம் ஒன்றுதான் எழுதப்படாத புண் என்பதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு.

பொது ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் சென்று உட்காரவேண்டும் என்பது நமது விண்ணப்பம். தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போகிறோமே, அதில் பத்திலொரு பங்கு சிரமம் போதும். போகிறவர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். சொல்ல மனமில்லாதவரை விட்டுவிட வேண்டும். சொல்பவரை இடைமறிக்கக் கூடாது. தேதி தவறினாலும் அப்பொழுதே திருத்தக் கூடாது. பின்னர் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர் பேசிய பேச்சையே எழுத வேண்டும். நமது இலக்கணத்தை அவர் வாயில் திணிக்கலாகாது. தோட்டத்தின் பெயர், கப்பலின் பெயர், உடன் சென்றவர்களின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், பெயர்தான் முக்கியம். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, வேண்டாமென்று அவர் சொல்வதை அடித்துவிட வேண்டும். இரண்டு பிரதி செய்து, ஒன்றை அக்குடும்பத்தாரிடமும் மற்றொன்றை ஊர் வாசகசாலையிலும் வைக்க வேண்டும். அவர் சம்மதித்தால் நமக்கு அனுப்பலாம். இந்தப் பக்கத்தில் வாரம் ஒரு முறை அதற்கு இடம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.

இதனால் ஜப்பானியர்மீது துவேஷம் வளருமே என்று சிலர் அஞ்சலாம். லோமாக்ஸும் நாகஸேயும் அந்த அச்சத்துக்குப் போதிய விடை. எழுதாமல் அடக்கிய ஐம்பது வருஷமும் துவேஷம் வளர்ந்தது. எழுதிப் படித்த பிறகே அது தணிந்தது. இரு தரப்பாரும் உண்மையை எழுதினார்கள் என்பதே அவர்களுக்கு நட்பு வாய்த்ததன் இரகசியம்.

போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டியவர்கள் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, அவன் பெயரையும் அவன் செய்ததையும் பொறித்து, ஊர் கூடி நட்டார்கள். மாடு மீட்கப் போய் இறந்த ஒரு சாமானியனுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. சயாம் காட்டில் மண்வெட்டியோடு விழுந்தவர்களுக்குக் கல் நடுவது நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியமன்று. காகிதமும் பேனாவும் எல்லாரிடமும் இருக்கின்றன. இன்று மாலையே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் சென்று, “அப்பொழுது என்ன நடந்தது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரையில் எழுந்திராதீர்கள்.